ஆராதனை முடிந்ததும் ஐந்து நிமிஷம்: தேர்தல் நேரத்தில் ஒரு சேகரச் செயலாளருக்குப் பதில்

கேள்வி: எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டம்) ஏறக்குறைய முந்நூறு குடும்பங்கள். சட்டமன்றத் தேர்தல் பேச்சு தொடங்கியதிலிருந்து சபைக்குள் நிம்மதி இல்லை. எங்கள் சபை அங்கத்தினர் ஒருவரே வேட்பாளராக நிற்கிறார். ஆராதனை முடிந்ததும் ஐந்து நிமிஷம் பேச அனுமதி கேட்கிறார். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) தன் தலையில் கைவைத்து ஜெபிக்கவேண்டும் என்றும் கேட்கிறார். "நம்ம ஆள் ஒருத்தர் சட்டசபைக்குப் போகவேண்டாமா?" என்கிறார்கள் கமிட்டியில் பாதிப் பேர். எதிர்க்கட்சி வேட்பாளர் தரப்பில், அசனச் (சபையார் கூடி உண்ணும் விருந்து) செலவை ஏற்று ஆலயச் சுற்றுச்சுவரும் கட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோவால் இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதில்லை. ஒரு குடும்பம் திருவிருந்து ஆராதனைக்கே வருவதில்லை. ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்கள் என்று பிரசங்கித்தால், "வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி போட்டா என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். நான் எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

அன்பான சகோதரருக்கு ஸ்தோத்திரம்.

அந்த ஐந்து நிமிஷத்திலிருந்து தொடங்குங்கள். மற்றவற்றுக்கு யோசிக்க அவகாசம் உண்டு, அதற்கு இல்லை. அனுமதி கொடுக்காதீர்கள். ஆராதனைக்குள் மட்டுமல்ல, ஆசீர்வாதம் கூறி முடித்த பிறகும் வேண்டாம். ஆலய வளாகத்தில், பாரிஷ் ஹாலில், வாசற்படியில்கூட வேண்டாம்.

1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் (தவறான பயன்பாட்டைத் தடுத்தல்) சட்டத்தின் பெயரே நம் கமிட்டிகள் பலவற்றுக்குத் தெரியாது. மத நிறுவனத்துக்குச் சொந்தமான அல்லது அதன் பொறுப்பிலுள்ள எந்த இடத்தையும் அரசியல் நடவடிக்கைக்கு விடக்கூடாது என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. நிதியையும் சொத்தையும் அப்படிப் பயன்படுத்தக்கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. நிறுவனத்தின் பெயரில் நடக்கும் சடங்கு, திருவிழா, கூட்டம், ஊர்வலம் எதையும் அதற்கு விடக்கூடாது என்கிறது 6-ஆம் பிரிவு. ஆராதனை, அசனம், பவனி எல்லாம் இதற்குள் வந்துவிடும். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் பொறுப்பை இழப்பதோடு, 6 ஆண்டுகளுக்கு எந்த மத நிறுவனத்திலும் பதவி வகிக்க முடியாது. இங்கே குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவர்கள் இடம் கொடுத்தவர்கள்; மீறலோடு தொடர்புள்ள மற்றவர்களும் தப்பமுடியாது. நிறுவனத்தின் காரியங்களை நடத்துகிற எவரையும், குருமார் உட்பட, இந்தச் சட்டம் பொறுப்பாளியாகவே பார்க்கிறது. ஐயர் மட்டுமல்ல, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நீங்களும் பொருளாளரும் அதில் அடக்கம்.

கமிட்டிகள் வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் சில உண்டு. "ஹாலை வாடகைக்குத்தானே கொடுத்தோம், ரசீது இருக்கிறதே" என்பார்கள். வாடகை வாங்கியதால் இடம் சபையுடையது இல்லை என்று ஆகிவிடாது. கட்சியின் பூத் கமிட்டிக் கூட்டத்துக்குப் பாரிஷ் ஹாலையோ சபைக்குச் சொந்தமான திருமண மண்டபத்தையோ கொடுப்பதும் இடம் கொடுப்பதுதான். ஐயர் குடியிருக்கும் குருமனையும் சபைச் சொத்து. அதன் முன்னறையில் வேட்பாளரை உட்காரவைத்து ஊர்ப் பெரியவர்களை வரவழைத்தால் அதுவும் கூட்டம்தான். சுற்றுச்சுவரில் சின்னம் வரைய எழுத்துமூலம் ஒப்புதல் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள், கேட்காமலே வரைந்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஆலய ஒலிபெருக்கியை இரவல் கேட்டாலும் இதே பதில்தான். சபைப் பள்ளி வாக்குச்சாவடி ஆவது மட்டும் வேறு விஷயம். அது தேர்தல் அதிகாரிகள் சட்டப்படி எடுத்துக்கொள்ளும் இடம், மனமுவந்து ஒத்துழையுங்கள். ஆனால் ஆலயமும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருந்தால், வாக்குப்பதிவு நாளன்று சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். அன்று காலை ஜெபம் முடிந்து வெளியே வருகிறவர்கள் கட்சி பேட்ஜ் குத்தியிருந்தால் சிக்கல் உங்கள் வாசலில்தான் தொடங்கும்.

உங்கள் சபை வேட்பாளர் மேல் உங்களுக்கு அன்பு இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அந்த அன்பின் பேரிலேயே சொல்கிறேன்: அவருக்கு மைக் கொடுப்பது அவருக்கே கெடுதல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123(3) பிரிவுப்படி மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பது முறைகேடு. வேட்பாளருடைய மதம் மட்டுமல்ல, வாக்காளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. "கிறிஸ்தவர்களாகிய நாம் நம்மவருக்கே போடுவோம்" என்று அவர் சம்மதத்தோடு பிரசங்க பீடத்தருகே ஒருவர் சொன்னால் போதும். முடிவு வந்த 45 நாட்களுக்குள் தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். யாராவது போனில் பதிந்த அந்த வீடியோவே சாட்சியாகி, ஜெயித்த இடமும் பறிபோகலாம்.

ஊழியக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "இவருக்குப் போடாவிட்டால் தேவகோபம் வரும்" என்றோ, "அந்தக் கட்சிக்குப் போடுகிறவன் திருவிருந்து எடுக்கத் தகுதியற்றவன்" என்றோ சொல்வது வெறும் மிகைப்பேச்சு அல்ல. தெய்வ கோபத்துக்கோ ஆவிக்குரிய தண்டனைக்கோ ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதை, 123(2) பிரிவு முறையற்ற செல்வாக்கு என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவிலும் அது குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும், வேத அடிப்படையிலும் அது பெரிய அத்துமீறல். கர்த்தருடைய பந்தியிலிருந்து ஒருவரை விலக்கும் அதிகாரம் கட்சிச் சின்னத்தைப் பார்த்துப் பயன்படுத்தக் கொடுக்கப்பட்டதல்ல.

"நம்ம ஆள் வேண்டாமா" என்ற கேள்விக்குப் பின்னால் உண்மையான வேதனை இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை கிடைக்காத ஊர்களும், ஜெபவீடு கட்ட அனுமதிக்காக வருஷக்கணக்கில் அலையும் சபைகளும் இருக்கின்றன. அந்த வேதனையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆனால் கமிட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வரலாற்றையும் சொல்லுங்கள். அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் தனி இட ஒதுக்கீடு வேண்டுமா என்று 1949-இல் முடிவெடுத்தபோது, வேண்டாம் என்ற பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர்கள் கிறிஸ்தவர்கள். அந்தச் சபையின் துணைத் தலைவர் எச். சி. முகர்ஜி ஒரு வங்காளக் கிறிஸ்தவர். சென்னை மாகாணத்திலிருந்து போன இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அங்கே உறுப்பினர். தனி வாக்கு வங்கியாக ஒதுங்குவதைவிட, எல்லாக் குடிமக்களோடும் சேர்ந்து நின்று, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்குமான அடிப்படை உரிமையை அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் உறுதிசெய்துகொள்வது மேல் என்று அந்தத் தலைமுறை நம்பியது. இன்று சபையை ஓட்டு மூட்டையாகக் கட்டிக் கொடுக்க முன்வருகிறவர்கள் அந்த நம்பிக்கையை விற்கிறார்கள் என்பதே என் கருத்து. மூட்டையாகக் கட்டப்பட்ட ஓட்டுக்கு எந்தக் கட்சியும் தேர்தலுக்குப் பிறகு பதில் சொல்வதில்லை. அது எப்படியும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் வேட்பாளராக நிற்பது நல்லதே. அரசியல் கிறிஸ்தவனுக்குத் தகாத வேலை என்று சொல்லித்தரும் சபைகள், அந்த இடத்தைத் தகாதவர்களுக்கு விட்டுக்கொடுக்கின்றன. சபையார் ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி அவருக்காகத் தெருவில் இறங்கி வேலை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் சபையில் சம மரியாதை இருக்கவேண்டும். அவர் சேகரத்தில் ஏதேனும் பொறுப்பில் இருந்தால் மனுத் தாக்கல் செய்யும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை விடுப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜெபத்தைப் பற்றி நீங்கள் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு மனுஷன் தனக்காக ஜெபிக்கச் சொன்னால் ஐயர் மறுக்கக்கூடாது. சிக்கல் ஜெபத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. வெள்ளை அங்கியோடு ஐயர் கைவைத்து நிற்கும் புகைப்படம் அன்று மாலைக்குள் துண்டுப் பிரசுரமாகிவிடும். ஆகவே ஆலயத்திலோ குருமனையிலோ வேண்டாம். வேட்பாளரின் வீட்டுக்கு ஐயர் சாதாரண உடையில் போகட்டும். குடும்பத்தார் மட்டும் இருக்கட்டும், போன்களை எல்லாரும் உள்ளறையில் வைத்துவிட்டு வரட்டும். வேறு எந்தக் கட்சி வேட்பாளர் அழைத்தாலும், அவர் கிறிஸ்தவர் அல்லாதவராக இருந்தாலும், இதே முறையில் போகவேண்டும். "படம் எடுக்காவிட்டால் ஜெபம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டால் அவருக்கு வேண்டியது என்ன என்று ஐயருக்குத் தெரிந்துவிடும்.

ஆராதனையில் பொது ஜெபம் கண்டிப்பாக வேண்டும். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 2. இப்படி ஜெபிக்கலாம்: "இந்தத் தொகுதியில் போட்டியிடுகிற எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம், அவர்கள் பொய் பேசாதபடியும், ஏழைகளை விலைபேசாதபடியும் காத்தருளும். வாக்குச்சாவடி அலுவலர்களையும் காவலர்களையும் பெலப்படுத்தும். பயமின்றி, பணத்துக்கு வளையாமல் வாக்களிக்க எங்களுக்குத் தெளிந்த மனச்சாட்சியைத் தாரும். தோற்பவர்களுக்குப் பொறுமையையும் ஜெயிப்பவர்களுக்கு உமக்குப் பயப்படும் பயத்தையும் தாரும்." பெயரும் வேண்டாம், கட்சியும் வேண்டாம். ஒரு பெயரைச் சொல்லி மற்றவர்களை "மற்றும் அனைவரும்" என்று முடிப்பது ஜெப வடிவில் செய்யும் பிரசாரம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எந்த வேட்பாளரும் வரலாம். வந்தால் காலியாயிருக்கிற இடத்தில் உட்காரட்டும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, தரித்திரனை அங்கே நில் என்பதை யாக்கோபு 2 கண்டிக்கிறது. முன்வரிசை நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களுக்கு அந்த அதிகாரத்தை வாசிக்கக் கொடுங்கள். பொன்னாடை, அறிவிப்பில் பெயர், "ஒரு நிமிஷம் வாழ்த்து" எதுவும் கிடையாது. வேதபாடம் வாசிப்பவர்களும் காணிக்கை எடுப்பவர்களும் கரைவேட்டி கட்டி வரவேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்; நம் ஊரில் ஒரு கரை ஒரு கட்சிக் கொடிக்குச் சமம்.

இனி அசனமும் சுற்றுச்சுவரும். இரண்டையும் மறுத்துவிடுங்கள், எழுத்தில். ஓட்டுப் போடுகிறவர்களை இணங்கவைக்கும் நோக்கத்தோடு யாருக்கு எதைக் கொடுத்தாலும் அது லஞ்சத்தின் கீழ் வரும். சபைக்குக் கொடுத்தது என்பது தப்பிக்க வழியல்ல. வாக்காளர்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தைவிட வெளிப்படையான சாட்சி தேர்தல் பறக்கும் படைக்குத் தேவையில்லை. சபை அங்கத்தினரான வேட்பாளர் வழக்கமாகக் கொடுக்கும் மாதக் காணிக்கையைக் கொடுக்கலாம். பொருளாளர் பழைய பதிவேட்டைப் பார்த்து, வழக்கத்துக்கு மேற்பட்ட தொகையை ரசீது போடாமல் திருப்பிவிடவேண்டும். காணிக்கைப் பெட்டியில் உறையாகப் போட்டிருந்தால், எண்ணும் இருவர் முன்னிலையில் குறிப்பெழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள்.

சுவர் வாக்குறுதியில் இன்னொரு கோளாறும் உண்டு. "எம்.பி. நிதியில் கட்டித் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் அது நடக்காத காரியம்: வழிபாட்டுத் தலங்களுக்குள்ளும் மத அமைப்புகளின் நிலத்திலும் அந்த நிதியைச் செலவழிக்க வழிகாட்டு நெறிகளே இடம் தருவதில்லை. பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கத் தமிழ்நாடு அரசு மானியம் தருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் விண்ணப்பப் படிவமும் நிபந்தனைகளும் கிடைக்கும். அதற்கு யாருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை. உங்கள் திருமண்டலமோ (பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பு) அதன் நிறுவனங்களோ வெளிநாட்டு நன்கொடைப் பதிவு வைத்திருந்தால், அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடத் தேர்தல் தொடர்பான எதற்கும் போகாதபடி பொருளாளர் இரட்டிப்புக் கவனமாயிருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொரு தடவையும் வாய்ச்சண்டையாக முடிக்காமலிருக்க ஒரே வழி, தேர்தல் அட்டவணை அறிவிக்கப்படுவதற்கு முன்பே கமிட்டித் தீர்மானம் போட்டுவிடுவது. அட்டவணை வந்தபிறகு போட்டால், யாரைத் தடுக்க யார் போட்டது என்ற ஆராய்ச்சியே மிஞ்சும். தீர்மானம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆலயம், வளாகம், ஹால், குருமனை, வாகனம், ஒலிபெருக்கி, சபை வாட்ஸ்அப் குழு, சபைக் கடிதத்தாள் ஆகிய எதுவும் எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் பயன்படுத்தப்படாது. முடிவு வரும் வரை வேட்பாளர்களிடமோ அவர்கள் தரப்பிலோ சிறப்பு நன்கொடை பெறப்படாது. பொறுப்பாளர்கள் தங்கள் பதவிப் பெயரோடு யாருக்கும் ஆதரவு அறிக்கை விடமாட்டார்கள். இவ்வளவு போதும். வந்திருந்தவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு, இரண்டு ஞாயிறு அறிவிப்பில் வாசித்து, ஒரு பிரதியை வாசல் பலகையில் ஒட்டி, ஒரு பிரதியைத் திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பலகையே பாதிச் சண்டையைத் தவிர்க்கும். தேர்தல் நடத்தை விதிகளிலும் கோயில், மசூதி, தேவாலயம் எதையும் பிரசார மேடையாக்கக்கூடாது என்று இருப்பதால், கட்சிக்காரர்களும் அதைப் படித்ததும் விலகிக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப்பில் செய்யவேண்டியது சிறிது. குழுவின் அமைப்பில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றுங்கள். மரண அறிவிப்பு, ஜெபக்கூட்ட நேரம், ஆராதனை ஒழுங்கு மட்டும் போகட்டும். பேச விரும்புகிறவர்கள் தனிக் குழு வைத்துக்கொள்ளட்டும், சபைப் பெயர் இல்லாமல்.

குடும்பங்கள் அப்படியல்ல. இரண்டு குடும்பத்தையும் கமிட்டி முன் அழைத்து விசாரிக்காதீர்கள். பத்துப் பேர் பார்க்க யாரும் மனம் இளகுவதில்லை, தங்கள் பக்கத்தை வாதாடத்தான் செய்வார்கள். மத்தேயு 18 சொல்கிற வரிசையை மாற்றவேண்டாம்: முதலில் தனியாக. திருவிருந்துக்கு வராத குடும்பத்தின் வீட்டுக்கு ஐயர் போகட்டும். யார் சொன்னது சரி என்று கேட்காமல், அவர்களைப் புண்படுத்தியது எந்த வார்த்தை என்று கேட்கட்டும். பெரும்பாலும் காயம் கட்சியைப் பற்றியதாக இருக்காது. "நீங்களெல்லாம்" என்று தொடங்கும் ஒரு வரியாகவோ, சாதியைத் தொட்டுப் போன ஒரு சொல்லாகவோ இருக்கும். அந்தச் சொல்லைச் சொன்னவர் அந்தச் சொல்லுக்காக மட்டும் மன்னிப்புக் கேட்கவேண்டும்; அரசியல் கருத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. இதை இரண்டு தரப்புக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டால் வழி திறக்கும். இயேசு தெரிந்தெடுத்த பன்னிருவரில் ரோமருக்கு அடங்கிய ஆட்சிக்கு வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தான், ரோம ஆட்சியை எதிர்த்தவர்களின் பெயரால் செலோத்தே என்னப்பட்ட சீமோனும் இருந்தான். இருவரையும் ஒரு கருத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பந்தியில் உட்காரவைத்தார் என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

இனி, பணம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போடலாம் என்கிறவர்களுக்கு மூன்று பதில் சொல்லலாம், மூன்றும் உண்மை. சட்டப்படி கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 170, 173 பிரிவுகளில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பணப் பட்டுவாடாவால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டாவது, கொடுத்தவர் அந்தப் பணத்தை எங்கிருந்தோ திரும்ப எடுத்தாகவேண்டும். உங்கள் தெரு வாய்க்காலின் சிமென்டிலிருந்தும், ரேஷன் கடை மூட்டையிலிருந்தும்தான் எடுப்பார். மூன்றாவது வேதம்: பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்கிறது யாத்திராகமம் 23:8. தன் பார்வை தெளிவாயிருக்கிறது என்று நம்பி வாங்குகிறவனைப் பற்றித்தான் அந்த வசனம் பேசுகிறது. தலையாட்டி வாங்கிக்கொண்டு வேறொருவருக்குப் போடுவது பொய். தலையாட்டியபடியே போடுவது விற்பனை. இரண்டில் எதை மனசாட்சி என்று சொல்வது?

ஆனால் யாரைப் பார்த்து இதைப் பிரசங்கிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கூலி வேலை இல்லாத வாரத்தில் வாசலுக்கு வந்த ஐந்நூறு ரூபாயை வாங்கின விதவையை ஞாயிற்றுக்கிழமை குத்திக்காட்டிவிட்டு, ஒப்பந்தத்துக்காகக் கட்சிக்குப் பெருந்தொகை கொடுக்கிறவரைக் கமிட்டியில் வைத்திருக்கும் சபைக்கு இதைப் பேச வாய் இருக்காது. திருமண்டலத் தேர்தலில் அணி கட்டி, வேன் வைத்து, பிரியாணி போட்டு ஓட்டுச் சேர்க்கும் வழக்கம் நம்மிடம் இருந்தால் அதையும் அதே பிரசங்கத்தில் அதே குரலில் சொல்லவேண்டும். நம் ஜனங்கள் ஓட்டை விற்கப் பழகிய இடங்களில் அதுவும் ஒன்று. மனந்திரும்புதல் அங்கே தொடங்கினால் வெளித்தேர்தலைப் பற்றிப் பேசும்போது வார்த்தைக்குக் கனம் இருக்கும்.

நடைமுறையில், பணம் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்தவர், சில நேரம் சொந்தக்காரர். முகத்துக்கு நேரே மறுப்பது கடினம். அதனால் சொல்லவேண்டிய வாக்கியத்தை முன்பே சொல்லிப் பழகச் செய்யுங்கள்: "அண்ணே, எங்க வீட்ல யார்கிட்டயும் வாங்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம், கோவிச்சுக்காதீங்க." யாரிடமும் என்ற சொல் முக்கியம், அதில்தான் பகை வராமலிருக்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் இதை ஒருவர் கொடுக்கிறவராகவும் ஒருவர் மறுக்கிறவராகவும் இருந்து பேசிப் பார்க்கலாம். பட்டுவாடா கண்முன் நடந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியைத் திறந்து, அதற்குள்ளேயே படமோ இரண்டு நிமிஷம் வரையிலான வீடியோவோ எடுக்கவேண்டும். போனில் ஏற்கெனவே எடுத்துவைத்த படத்தை அது ஏற்காது. எடுத்த ஐந்து நிமிஷத்துக்குள் அனுப்பிவிடவும் வேண்டும். இடத்தை அதுவே பதிந்துகொள்ளும், பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் விதி. செயலி இல்லாதவர்கள் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். தனியாக வாழும் முதியவர்களையும் பெண்களையும் இதில் முன்னால் தள்ளாதீர்கள். புகார் செய்தது யார் என்று தெருவில் ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

அப்படியானால் சபை வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டுமா என்று வாலிபர்கள் கேட்பார்கள். கூடாது. ரோமர் 13-ஐ மட்டும் வாசித்து அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று முடிக்கிற பிரசங்கம் பாதிப் பிரசங்கம். அதை எழுதிய அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில், விசாரியாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்று நின்றான் (அப்போஸ்தலர் 16:37). குடியுரிமையைப் பயன்படுத்துவது அவிசுவாசம் அல்ல. 1 சாமுவேல் 8-இல், ராஜா உங்கள் குமாரரை எடுப்பான், வயல்களை எடுப்பான், ஆட்டு மந்தையில் பத்திலொன்றை எடுப்பான் என்று சாமுவேல் அடுக்குவதையும், 12-ஆம் அதிகாரத்தில் முதுமையடைந்த அதே சாமுவேல், நான் யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்று ஜனங்கள் முன் கணக்குக் கொடுப்பதையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் பிரசங்கிக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்சியையும் குறிப்பிடாமலே சபையாருக்கு எல்லாக் கட்சிகளையும் அளக்கும் கோல் கிடைத்துவிடும்.

தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்த 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் நிற்கிறது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. இதைக் கேட்பது நம் கடமை. தேர்தல் வாரத்தில் ஒரு கட்சியின் மேடையில் நின்று கேட்காமல், வருஷம் முழுவதும், யார் ஆட்சியில் இருந்தாலும் கேட்கவேண்டும். தேர்தல் நேரத்தில் கேட்பதானால், ஆலயத்துக்கு வெளியே, குடிமக்களாகச் சேர்ந்து, ஒரே மனுவை எல்லா வேட்பாளர்களிடமும் அவரவர் அலுவலகத்தில் கொடுங்கள். கல்லறைப் பாதையையும் அதே தாளில் எழுதுங்கள். பெரிய கோரிக்கைக்கு வாயால் ஆமென்பார்கள், பாதைக்குத் தேதி சொல்லவேண்டியிருக்கும்.

யாருக்குப் போடுவது என்று கேட்கிற வாலிபர்களுக்கு வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்குகள், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் எவரும் எடுக்கலாம். குற்ற வழக்குள்ளவர்கள் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்தாகவேண்டும். பெயர்களை வைத்து ஒப்பிடும் கூட்டத்தை யாராவது ஒருவர் வீட்டில் நடத்துங்கள், பாரிஷ் ஹாலில் வேண்டாம். அதற்கு முன் ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். புதுப் பெயருக்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. மணமாகி வந்த மருமகள்களும் வேலைக்காக வெளியூர் போனவர்களும்தான் அதிகம் விடுபடுகிறார்கள். கடைசி வாரத்தில் பார்த்துப் பயனில்லை.

உங்கள் வேட்பாளருக்குக் கமிட்டியின் பெயரில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "அன்பான சகோதரருக்கு, தாங்கள் பொதுவாழ்வுக்கு முன்வந்திருப்பதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆலயத்தையும் வளாகத்தையும் எந்த வேட்பாளருக்கும் பயன்படுத்த அனுமதிப்பதில்லை என்று கமிட்டி தீர்மானித்துள்ளது, நகல் இணைத்துள்ளோம். இது தங்கள் வேட்பு மனுவையும் பாதுகாக்கும். தாங்கள் விரும்பும் நாளில் குருவானவர் தங்கள் இல்லத்துக்கு வந்து குடும்பத்தாரோடு ஜெபிப்பார்." அஞ்சலில் அனுப்பாதீர்கள். அவருக்காகக் கமிட்டியில் பேசியவர்களில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நேரில் போய்க் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். சுற்றுச்சுவர் சொல்லி அனுப்பியவருக்கும் அதே நாளில் அதே தீர்மான நகல் போகட்டும்.